தலை வராத ஒன்று

மாட்டுத்தாவணி மீன்சந்தை, விடிகாலை மூன்றரை.
பாம்பன் லாரியிலிருந்து ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள்,
தலை அங்கேயே வெட்டப்பட்டு
குடல்கூட எடுக்காமல் வந்த ஒன்றை.
என்ன மீன் என்றேன்.
"சுறா."
எந்தச் சுறா?
"தலை இருந்தாத்தானே தம்பி பேரு" என்றார் சேகு மைதீன்.

ஐஸ் கரைந்த தண்ணீரில் செருப்பு மிதக்க
என் பங்குக்குக் காத்திருந்தேன்:
யாரும் விலை கேட்காத ஒரு கண்ணி முதுகெலும்பு.
முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் புட்டுக்கு வேண்டும்,
பிள்ளை பெற்ற வீடு,
பால் ஊற அரைக்கிலோ, முக்கால்கிலோ.
என் தங்கைக்கும் அரைக்கிலோ.

வயிற்றில் இறங்கிய கத்தி
பாதியில் நின்றது.
முழ நீளத்தில் ஒன்று, இன்னொன்று,
பதினெட்டு வரை எண்ணினார்.
எல்லாவற்றுக்கும் தலை இருந்தது.
இருபுறமும் நீண்டு, ஓரத்தில் கண் வைத்து,
வெளியே வரும்போது தாயைக் கிழிக்காதபடி
பின்னோக்கி மடிந்த மெத்தென்ற கொம்பு.

கொம்பன்.
பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது தாயின் பெயர்.

வரிசையில் யாரும் நகரவில்லை கொஞ்ச நேரம்.
பிறகு தராசு ஆடத் தொடங்கியது.

நாகமலை அடிவாரத்து ஆய்வகத்தில்
எலும்பை வெங்காயத்தோல் கனத்துக்குச் சீவி
லென்சுக்கடியில் வைத்தேன்.
ஆண்டுக்கு ஒரு வளையம். இருபத்து நான்கு.
சூல் கொள்ளவே பதினைந்து ஆகியிருக்கும்.
சுமப்பது ஏறக்குறைய பத்து மாதம்,
நம் கணக்குதான்.

இருபத்தைந்தாவது
பாதி வட்டத்தில் நிற்கிறது.

தங்கைக்கு அன்று பூண்டுக்குழம்பு.
ஏன் என்று அவள் கேட்கவில்லை;
குழந்தை அழுதுகொண்டிருந்தது.