லென்ஸ் இல்லை

சாமி இல்லாத கோயில்
ராஜா இல்லாத கோட்டை
தண்ணி இல்லாத ஆறு என்று
எங்கள் ஊருக்கு ஒரு பழைய பட்டியல் உண்டு.
(சாமி திரும்பி வந்து பல வருஷம் ஆகிறது.
பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.)
போன மாசம் நானும் அதில் ஒன்று சேர்த்தேன்.
லாங் பஜாரில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் இர்ஷாத்திடம்
ஓரத்தில் பூஞ்சை என்று பேரம் பேசி
ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய ஜப்பான் லென்ஸை
வளையம் போட்டுத் திருகி மாட்டியதும்
கேமரா சொன்னது: லென்ஸ் இல்லை.

கையில் அரைக் கிலோ கண்ணாடி கனக்கிறது.
இல்லையாம்.
மெனுவுக்குள் நாலு வாசல் நுழைந்து
'இல்லாவிட்டாலும் சுடு' என்பதற்கு
ஆமாம் போட்டேன்.

ஒன்று புள்ளி இரண்டு.
அவ்வளவு பெரிய வாயை
வேலூர் வெயிலில் திறக்கக் கூடாது.
நொடியை எட்டாயிரமாகக் கூறு போட்டாலும்
கருங்கல் மதில் சுண்ணாம்பாய் வெளுக்கிறது.
சொட்டு மருந்தில் பாப்பா விரிந்து
கையைக் குடையாக்கிக்கொண்டு
ஆரணி ரோட்டில் இறங்குகிறார்களே,
அவர்களைப் போலத்தான்.
எனக்குத் தெரியும். சொட்டு விடுவது நான்தான்.

பகலெல்லாம் இருட்டறையில்
சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிக் கேட்கிறேன்:
இது தெளிவா, இதா?
முதல்ல போட்டதா, இப்பவா?
ராத்திரி அதே கேள்வி என்னிடம் திரும்புகிறது.
வளையத்தை மயிரிழை திருப்பினால்
திரையில் சிவப்புப் புள்ளிகள்
சர்க்கரை கண்ட எறும்பாய்
மூக்கில் மொய்க்கும், இமைக்கு ஏறும்,
காதோரம் கலையும்.
ஆள் மூச்சு விட்டால் போச்சு.
நான் விட்டாலும்.

காட்பாடி. ஹவுரா வண்டி ஐம்பது நிமிஷம் லேட்.
எரிவதா வேண்டாமா என்று
யோசிக்கும் ட்யூப்லைட்டின் கீழே
மூட்டைகளுக்கு நடுவில் நிதாய் மண்டல்,
இடக்கண்ணில் பச்சைத் துணி.
பக்கத்தில் மனைவி ஷெஃபாலி.
மால்டாவிலிருந்து வந்து, லாட்ஜில்
ஸ்டவ் வாடகைக்கு எடுத்து
பதினேழு நாள் மீன் குழம்பு வைத்தவள்.
என்னை அடையாளம் கண்டதும் அவள்தான்.
தாதா, ஏக் ஃபோட்டோ, என்றாள்.
(நம் ஊரில் தாதாவுக்கு அர்த்தம் வேறு.)

சிக்கல் என்னவென்றால், இரண்டு பேர்.
இந்தத் துளைக்கு உலகம் இரண்டு விரல் கனம்.
முன்னால் இருப்பதும் பனி, பின்னால் இருப்பதும் பனி.
அவருக்கு ஒரு சாண் பின்னால் அவள்.
நாலுக்கு மூடலாம். மூடினால் இருட்டு.
தலையைச் சேர்த்து வைங்க என்பதை
எந்த இந்தியில் சொல்வது?
இரண்டு உள்ளங்கையை ஒட்டிக் காட்டினேன்.
கும்பிடுகிறேன் என்று நினைத்து
அவர் திருப்பிக் கும்பிட்டார்.
அவளுக்குப் புரிந்தது.
பிளாட்பாரத்தை இருபுறமும் பார்த்தாள்.
முக்காட்டைச் சரிசெய்தாள்.
பிறகு மெல்ல நகர்ந்து
கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.
எறும்புகள் மூன்று கண்ணிலும் ஏறின.

அழுத்தும்போதா வரவேண்டும்,
நடு லைனில் சரக்கு வண்டி.
காற்றுக்குப் பறக்கப் பார்த்ததை
அவள் எட்டிப் பிடித்திருக்கிறாள்.
நான் அரை அடி பின்வாங்கியிருக்கிறேன்.
படத்தில் கூர்மையாக இருப்பது
ஒரு ஸ்கேன் கவர்.
பெயர், வயது, ஆஸ்பத்திரி எண்,
ஸ்டேப்ளர் பின்னில் துரு.
அதற்குப் பின்னால் இரண்டு முகங்கள்
எந்தக் கன்னம் யாருடையதென்று
பிரிக்க முடியாமல்.

இன்னொன்று எடுக்கிறேன் என்றேன்.
கேமராவை வாங்கி
வலக்கண்ணுக்கு வெகு பக்கத்தில் பிடித்தார்.
ஆறு தடவை அவரிடம் கேட்டிருக்கிறேன்
இதுவா அதுவா என்று.
ஒரு தடவைகூட உறுதியாகச் சொல்லாத மனுஷன்
சொன்னார்:
ஏக்தம் க்ளியர்.

அரக்கோணம் தாண்டியிருப்பார்கள்.
படத்தை அனுப்பும் முன்
கேமரா எழுதிவைத்த குறிப்பைப் பார்த்தேன்.
நேரம் பத்து ஐம்பத்திரண்டு.
துளை: பூஜ்யம்.
லென்ஸ்: இரண்டு சிறு கோடு.

ஒற்றை டிக்கில் நிற்கிறது.
வண்டிக்குள்
சிக்னல் இல்லை போல.