பிடி

முட்டி வலிக்கிறது என்று
நான் படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
அவர் கோட்டை பார்க்கப் போனார்
தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக.

கிரீட் தீவின் வடகரை. செப்டம்பர் கடைசி.
கூட்டம் வடிந்து
பூனைகளுக்கு நாற்காலி கிடைக்கத் தொடங்கும் காலம்.
எதிரே கலங்கரை விளக்கம்
பட்டப்பகலில் வேலையற்று நின்றது.

டீசலும் செதிலும் நாறும் 'எவாந்தியா'விலிருந்து
ஒருவன் கரைக்குத் தாவினான்.
ஐம்பது இருக்கும். காதில் பென்சில்.
நிறையப் பேசினான்,
எனக்கு கிரேக்கம் தெரியாதது
அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.
கயிற்றின் நுனியை என் கையில் திணித்து
'எனா லெப்தோ' என்றான்.
ஒரு நிமிஷம்.
அது மட்டும் புரிந்தது.
காலையிலிருந்து எல்லாக் கடையிலும்
அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவிட்டான்.

படகு கொஞ்சம் இழுத்தது.
நான் கொஞ்சம் இழுத்தேன்.
அறிமுகம் ஆயிற்று.

வெனிஸ்காரர்கள் இந்தத் தீவைப் பிடித்தார்கள்.
அவர்களிடமிருந்து துருக்கியர் பிடித்தார்கள்.
மடியிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தில்
அம்புக்குறி போட்ட வரைபடமே இருந்தது.
பிடித்தவர்கள் பட்டியலில்
கூட்டுறவு வங்கிக் காசாளராக ஓய்வுபெற்றவர்
யாரும் இல்லை.
ஆனால் அடுத்தவர் பொருளைப்
பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருக்க
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
முப்பத்தொரு வருஷம்.

பத்து நிமிஷம் போயிற்று.
ஒரு ஜெர்மன் தம்பதி வந்து
எதிர்த் தீவுக்குப் போய்வர எவ்வளவு என்றார்கள்.
'முதலாளி வரட்டும்' என்றேன்.
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது என் காதில் விழுந்தது.

மீன்கடை விடுதியின் கல்லிரோயி
கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.
'மனூசோஸா? இன்றைக்கு நீங்களா?
நேற்று ஒரு ஸ்வீடன்காரர். பாவம், அழுதுவிட்டார்.'

அப்போதுதான் அந்தப் பெரிய உல்லாசப் படகு
பாட்டுச் சத்தத்தோடு வாய்முகத்துக்குள் நுழைந்தது.
அதன் அலை வந்து
எவாந்தியாவின் வயிற்றில் இடித்தது.
கயிறு விறைத்தது. முட்டி மறந்தது.
குதிகாலை ஊன்றிச் சாய்ந்தேன்.
கரைக்கல்லின் விளிம்பில் ஒரு பள்ளம்,
விரல் தடிமன், வழவழப்பாய்.
கயிறு தானாக நகர்ந்து
அதில் போய் உட்கார்ந்தது.
எத்தனை கயிறு அறுத்த பள்ளமோ.
எத்தனை பேரிடம் 'ஒரு நிமிஷம்' என்று
சொல்லிவிட்டுப் போனார்களோ.
திரும்பி வந்தவர் எத்தனை பேரோ.

இவன் வந்தான்.
கையில் இன்ஜின் பெல்ட், வாயில் பாதி ரொட்டி.
அவசரமே இல்லாத நடை.

என் காலடியில்,
ஓர் அடி தூரத்தில்,
இரும்பு வளையம் ஒன்று கல்லில் பதிந்திருந்தது.
இவ்வளவு நேரம் அதைப் பார்க்கவே இல்லை நான்.
'இதில் கட்டியிருக்கலாமே?'
உடைந்த ஆங்கிலத்தில் சிரித்தான்.
'அது பழசு. எண் போட்டுவிட்டார்கள்.
அரசாங்கச் சொத்து. கட்டினால் அபராதம்.'
பிறகு, என் தோளைத் தட்டி,
'நீங்கள் பழசில்லை.'

அறுபத்திரண்டு வயதில்
வேறு யார் சொல்வார்கள் இதை.

அவர் கோட்டையிலிருந்து வந்தார்
இருநூற்றுப் பதினான்கு படம் பிடித்துக்கொண்டு.
ஒவ்வொன்றாய்த் தள்ளிக் காட்டினார்.
சுவர். சுவர். பீரங்கி. சுவர்.
ஒன்றில், வெகு கீழே, துறையோரத்தில்
நீலச் சுரிதார்ப் புள்ளி ஒன்று
கோடு ஒன்றைப் பிடித்து நின்றது.
அதை அவர் கவனிக்காமல் தள்ளிவிட்டார்.

'உனக்கு ஊர் பிடித்திருந்ததா?' என்றார்.
'அரைமணி நேரம்' என்றேன்.

பசிக்கிறது என்றார்.
கல்லிரோயியின் கடைக்குக் கூட்டிப்போனேன்.
எலுமிச்சையைப் பிழிந்தபோது
உள்ளங்கை சுரீர் என்று எரிந்தது.