ஏரி வற்றிய மாதம்

எங்கள் ஏரிக்கு வருவதும் போவதும் பழக்கம்.
ஸ்லோவேனியாவில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே,
வசந்தத்தில் படகு விட்ட இடத்தில்
ஆகஸ்டில் புல் அறுப்பார்கள்.
தரையின் துளைகள் எல்லாவற்றையும் குடித்துவிடும்,
மீன்களை மட்டும் கொஞ்ச நேரம் யோசிக்க விட்டு.

அந்தத் துளைகளின் வழியாகத்தான்
நாம் வந்தோம் என்பான் யெர்னெய்.
நான் மருத்துவமனையில் பிறந்தவள்.
மூன்று கிலோ இருநூறு,
சான்றிதழ் இருக்கிறது.
ஆனாலும் பதினாறாம் வயதில்
தோள்பட்டை எலும்புகள் உள்ளிருந்து கதவைத் தட்டியபோது
சான்றிதழை யாரிடம் காட்ட?

முதலில் அரிப்பு.
பிறகு கணக்குத் தேர்வுக்குப் போன பேருந்தில்
என் மூச்சு பட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது.
ஓட்டுநர் வெயிலைத் திட்டினார்.

மூன்று பேர் நாங்கள்.
யெர்னெய் பாசிப்பச்சை.
பறப்பதில் மோசம், கோழி மாதிரி எழும்பி விழுவான்.
தின்காராவுக்கு நிறமே இல்லை,
குகை நீரில் வாழும் கண்ணற்ற வெளிறிய உயிர்களைப் போல
உள்ளே ரத்தம் ஓடுவது தெரியும்.
எங்களில் உயரம் தொட்டவள் அவள்தான்.
நான் துரு நிறம். நெருப்பு என்னிடம் மட்டும்.
ஆசைப்பட்டவன் யெர்னெய், வந்தது எனக்கு.

உருமாறுவது பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
வலிக்கும். ஒரு ஜீன்ஸ் போகும்.
திரும்பும்போது குளிரும்,
நாணயத்தைச் சப்பியது போல நாக்கு கசக்கும்.
உதிர்ந்த செதில்கள்
துணி துவைக்கும் இயந்திரத்தின் வடிகட்டியில் சிக்கும்.
அம்மா அவற்றைச் சுரண்டி எடுத்து
ஜாம் பாட்டிலில் போட்டு வைத்தாள்.
எதுவும் கேட்கவில்லை.
மீன் செதில் என்று நினைத்திருப்பாள் என
நான் நினைத்துக்கொண்டேன்.

என் அம்மா வெஸ்னா
பகலில் மரக்கடையில் கணக்கு எழுதுபவள்,
சைரன் ஊதினால் ஊரின் தீயணைப்புக்காரி.
முதலிலேயே சொல்ல மறந்துவிட்டேனா?
மறக்கவில்லை. தள்ளிப்போட்டேன்.

அன்றிரவு தின்காரா சொன்னாள்,
இனி மனுஷியாகத் திரும்ப மாட்டேன் என்று.
அந்த உடம்பு அவளுக்குப்
போன வருடத்துக் காலணி.
நான் கத்தினேன்.
வாயை விட்டு வெளியே வந்தபோது
அது கத்தலாக இல்லை.

யெர்னெய் அப்பாவின், புல் உலர்த்தும் பரண்.
நூறு வருட ஓக் மரம்.
நான்கு நிமிடம்.

காய்ந்த ஏரித்தரையில்
சிவப்பு வண்டி குதித்துக் குதித்து வந்தது.
தலைக்கவசத்துக்குள் அம்மா.
குழாயின் வாய் என் நெஞ்சுக்கு நேரே.
நான் அசையவில்லை.
விருந்துக்குப் போன வீட்டில்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல
இறக்கைகளோடு நின்றேன்.

அவள் என் கண்களைப் பார்க்கவில்லை.
வலது முன்காலில், மூன்றாம் நகத்தில்
பாதி உரிந்த ஊதா நகப்பூச்சு.
சனிக்கிழமை
அவளுடைய மேசையிலிருந்து கேட்காமல் எடுத்தது.

குழாய் மெல்லத் திரும்பியது
பரணை நோக்கி.

அறிக்கையில் காரணம்: மின்னல்.
அன்று வானத்தில் இருந்ததெல்லாம்
நட்சத்திரங்களும்
சிறுத்துக்கொண்டே போன தின்காராவும்.

அக்டோபரில் ஏரி வந்துவிட்டது,
ராத்திரியோடு ராத்திரியாக, துளைகள் குமட்டக் குமட்ட.
தின்காராவின் பெயரை
வருகைப் பதிவேட்டில் இன்னும் வாசிக்கிறார்கள்.
யெர்னெய் என்னோடு பேசுவதில்லை.
ஒரே ஒருமுறை, வேதியியல் வகுப்பில்,
பின்னாலிருந்து என் கழுத்தில் ஊதினான்.
வெறும் காற்று.

வீட்டில் எல்லாம் வழக்கம் போல.
படுக்கப் போகும் முன் அம்மா
என் கட்டிலருகே ஒரு வாளித் தண்ணீர் வைக்கிறாள்,
குடிக்கவா அணைக்கவா என்று சொல்லாமல்.