இரண்டு விரல்

களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு
அரைக் கிலோமீட்டர் இப்புறம் என் பட்டறை.
வாசலில் ஒரு வேகத்தடை,
வெள்ளைக்கோடு போன மழையோடு போயிற்று.
ராத்திரி படுத்தபடியே சொல்லிவிடுவேன்
இன்ன வண்டி, இன்ன நோய் என்று.
புஷ் தேய்ந்தது 'டக்' என்னும்.
ஷாக் போனது இரண்டு தரம் ஆடி
மூன்றாவதில் அடங்கும்.
ஒரு வண்டி மட்டும் கிழித்துக்கொண்டு போனது,
ஈரத் தார்ப்பாயை இரண்டு பேர் பிடித்துக் கிழிப்பதுபோல.

மூன்றாம் நாள் அதுவே வந்து நின்றது.
அஜின்ராஜ், பளுகல் பக்கம்.
வெள்ளை ஸ்விஃப்ட், கேரளா நம்பர், நாலாவது கை.
முன்னே வைத்திருந்தவன்
ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று அறுத்து
அடைகாக்கும் கோழிபோல
வண்டியை உட்கார்த்தி வைத்திருந்தான்.
பின்டயருக்கும் மேல்வளைவுக்கும் நடுவே
என் சுண்டுவிரல் நுழையவில்லை.

"அண்ணா, பின்னால ஒரசுது.
பொக்கம் கூட்ட வேண்டாம், லுக்கு போயிரும்.
சத்தம் மட்டும் நிக்கணும்."
"பின்னால ஆளு கேறுமா?"
"இல்ல, நான் மட்டுந்தான்."

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினேன்.
டயரின் தோளில் ஒரு வாய்க்கால்,
தீக்குச்சியைக் கிடத்தினால் கிடக்கும்.
வளைவின் உள்மடிப்பு பெயின்ட் போய்
மீன்கடைக் கத்திபோல் மினுங்கியது.
ஒற்றை ஆள் ஓட்டும் வண்டி
இப்படித் தீட்டாது.
இருநூறு கிலோவாவது வேண்டும், தினமும்.

உள்ளே வயர் ஓடுகிறதா என்று
டிக்கி மேட்டைத் தூக்கினேன்.
ஸ்டெப்னி இல்லை.
அது கிடக்கவேண்டிய குழியில்
ஒரு பிடி அரிசி.
தடித்த மணி, மங்கல், நடுநடுவே கறுப்பு.
தெரிந்த அரிசிதான்.
வியாழக்கிழமை ரேஷன் கடையில்
"லோடு வரல்ல, அடுத்த வாரம் பாப்போம்" என்று
என் பையை மடித்தே திருப்பி அனுப்பிய அரிசி.

மேட்டை இருந்தபடியே விரித்தேன்.

பெயின்ட் வெடிக்காமலிருக்க முதலில் சூடு.
ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது;
தொட்ட கை தானாகப் பின்வாங்கினால் போதும்.
பிறகு சக்கரத்தை மாட்டி
எண்ணெய் குடித்துக் கறுத்த என் புளியந்தடியை
டயருக்கும் மடிப்புக்கும் நடுவே செருகி
தள்ளு என்றேன், தள்ளினான்.
பின்னால இழு, இழுத்தான்.
தகரம் முனகிக்கொண்டே மடங்கியது,
ஒரு நூல், இன்னொரு நூல்.
மறுபடி சூடு.
மூன்று சாயா, ஒரு மழை, இரண்டு மணி நேரம்.

"லோடு வச்சுப் பாக்கணும்" என்றேன்.
பக்கத்து கோடவுனில் ரப்பர் ஷீட் கட்டுகள்,
ஒன்று ஐம்பது கிலோ.
குனிந்து, தோளில் வாங்கி, திரும்பி, இறக்கி,
நாலையும் மூச்சு வாங்காமல் அவனே ஏற்றினான்.
"போதுமா?"
"இன்னும் ரெண்டு வைக்கலாம், அண்ணா.
அப்பத்தான் கரெக்டா..."
அங்கே நிறுத்திக்கொண்டான்.
நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
முன்பே துடைத்த ஸ்பேனர்.

ஆறு கட்டோடு வேகத்தடையில் ஏற்றி இறக்கினோம்.
சத்தமில்லை.
வளைவின் கீழே கைவிட்டுப் பார்த்தேன்,
ஆறு கட்டின் கனத்திலும் இரண்டு விரல் போனது.
ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று,
துரு அங்கேதான் பிடிக்கும் என்று காட்டினேன்.
"அது வரைக்கும் இந்த வண்டி எங்கிட்ட இருக்காது."
ஆயிரத்தெண்ணூறு கேட்டேன்.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தான்.

அதில் முந்நூறுக்கு வீட்டுக்கு அரிசி.
கிலோ அறுபது, வெள்ளை வெளேரென்று,
கறுப்பு மணி ஒன்றுகூட இல்லாதது.
பென்சிட்டா உலையில் போட்டுவிட்டு
"ஏது ரூவா?" என்றாள்.
"ஒரு வளைவு மடக்கினேன்" என்றேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும்,
வாசலில் எதுவோ ஏறி இறங்கியது.
நான்கு டயர் மூச்சு விட்டதுபோல் ஒன்று,
அப்புறம் சாவடிப் பக்கம் தேய்ந்துபோன இன்ஜின்.
காது கொடுத்துக் கிடந்தேன்.
எந்த வண்டி, என்ன நோய்,
எதுவும் சொல்ல முடியவில்லை.