பதினெட்டு விழுக்காடு

இரவு இரண்டே கால்.
ஷென்டன் வே, இருபத்தொன்பதாம் மாடி.
திரையில் ஒரு நீரிணை,
என் சுண்டுவிரல் அகலம்.
அதில் பச்சைப் புள்ளிகள் ஊர்கின்றன,
புள்ளிக்கொரு கப்பல்.

ஒன்று நின்றுவிட்டது.

இயந்திரக் கோளாறா, மிரட்டலா,
எவனாவது கடலில் விழுந்துவிட்டானா,
திரை சொல்லாது.
எண்ணெய் நாற்பது காசு ஏறியது.
தங்கம் லேசாகச் செருமியது.
லண்டனில் காப்புறுதிக்காரர்கள்
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

"எவ்வளவு?" என்றார் தொலைபேசியில் திரு. கோ.
போர் வருமா என்று அவர் கேட்பதில்லை.

பன்னிரண்டு என்றிருந்ததைப் பதினெட்டு ஆக்கினேன்.
ஏன் பதினெட்டு?
இருபது என்றால் பயந்துவிட்டாள் என்பார்கள்,
பதினைந்து என்றால் தூங்கிவிட்டாள் என்று.

அந்த ஆறு விழுக்காட்டில்
விமானப் பங்குகள் சரிந்தன.
யாரோ யென் வாங்கினார்கள்.
யாரோ வெறுமனே எழுந்து
மனைவிக்குப் போர்வை இழுத்துவிட்டிருக்கலாம்,
அது எந்தக் கட்டத்திலும் வராது.

கண்ணாடிக்கு வெளியே உண்மைக் கடல்.
நங்கூரமிட்ட கப்பல்கள், விளக்கு விளக்காக.
ஒன்றில் யாரோ முட்டை பொரிப்பதாக
நினைத்துக்கொண்டேன். பசி.

நான்கு மணிக்குப் புள்ளி மறுபடி நகர்ந்தது.
எண்ணைக் குறைக்கச் சொல்லி
யாரும் அழைக்கவில்லை.
நானும் குறைக்கவில்லை.

விடிந்ததும் அமோய் ஸ்திரீட் உணவங்காடி.
கோப்பி ஓ கோசோங்.
விலைப்பலகையில் பழைய எண்ணின்மேல்
துண்டுத்தாள், கையெழுத்தில் இருபது காசு கூட.

"எப்போது ஏற்றினீர்கள்?"
ஆன்ட்டி கரண்டியை நிறுத்தவில்லை.
தாளைத் தொட்டுப் பார்த்தேன்.
பசை காய்ந்து
ஓரம் சுருண்டிருந்தது.