பதினோரு விநாடி

லேப்டாப்பைத் துர்க்குவில் கரையிலேயே விட்டுவிட்டேன்.
டாங்கோவின் நடுவில் அதற்குத் தூக்கம் வரும்,
எழுப்பினால்
"இப்போது புதுப்பிக்கவா, பிறகா?" என்று கேட்கும்.
கப்பலில் வாசிப்பவளிடம் கேட்கிற கேள்வியா?

இப்போது இருப்பது ஒரு கறுப்புப் பெட்டி.
பிஸ்கட் டப்பா அளவு. ஒரு விசிறி, ஒரு குமிழ்,
இரண்டு வரிக்கு மேல் பேசாத திரை.
உள்ளே ஒரு பெரிய பியானோ, மூன்று ஆர்கன்,
அறை நிறைய வயலின்,
யாரும் கேட்காத ஒரு பறவைக் கூட்டம்.

எனக்கு முன்னால் வாசித்த ஒஸ்மோ
நார்வேக் கப்பல் ஒன்றுக்குக் கூடுதல் சம்பளத்தில் போய்விட்டான்,
பெட்டியை என் தலையில் கட்டிவிட்டு.
நூற்றிருபத்தெட்டு பிரீசெட்.
எட்டெழுத்துக்குள் பெயர் வைக்க வேண்டும்.
அவன் வைத்தவை:
ஈரம். ஈரம்2. ஈரம்சரி.
"கெயோவுக்கு" என்று ஒன்று.
கெயோ எங்கள் டிரம்மர்.
தனக்கு யாரும் எதுவும் தந்ததில்லை என்கிறான்.
நாற்பத்தொன்றில் "அழிக்காதே".
திறந்தால் மௌனம்.
எல்லா அளவையும் உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தேன்,
விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
ஒஸ்மோவுக்குச் செய்தி அனுப்பினேன், அது எதற்கென்று.
மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "எது?"

கார்கள் நிற்கும் தளத்துக்கும் கீழே
சன்னலில்லாத என் அறையில்
ஹெட்போனோடு உட்கார்ந்து அடுக்கினேன்.
பியானோ பக்கத்தில் பியானோ, ஆர்கன் பக்கத்தில் ஆர்கன்
என்று அடுக்குவது கடைக்காரர் வேலை.
மேடைக்கு வேண்டியது இரவின் வரிசை:
முதலில் ஹும்ப்பா, பிறகு டாங்கோ இரண்டு,
சிர்க்காவுக்குத் தொண்டை கட்டினால் ஒரு யென்கா.
கம்பளிக் காலுறை போட்ட இடது கால்
பெடலை ஒருமுறை மிதித்தால் அடுத்தது.
தவறிப்போய் இருமுறை மிதித்தால்
வால்ட்ஸுக்குள் பறவைக் கூட்டம்.
அதுவும் நடந்தது, நவம்பரில்.

மிச்சம் ஒரு தலைவலி.
இரண்டாம் பகுதியில் சிர்க்காவின் வால்ட்ஸ்.
அந்தப் பெரிய பியானோ நினைவில் ஏறப்
பதினோரு விநாடி.
அதை நிரப்ப அக்கார்டியன் ஆர்மஸ் ஒரு கதை வைத்திருந்தான்:
மாமியாருக்கு ஒருவழிச் சீட்டு வாங்கிய நான்தலிக்காரன் கதை.
சிரிப்பு ஓயவும் பியானோ வரவும் சரியாக இருக்கும்.
மாதம் ஒருமுறை வருகிற பயணிகள்
கடைசி வரியை அவனோடு சேர்ந்து சொல்வார்கள்.

எனக்கோ அது மானக்கேடு.
மீனுக்குச் செதில் எடுப்பதுபோல எடுத்தேன்:
யாரும் தொடாத அடிமட்டச் சுரங்கள்,
சுத்தியல் திரும்பும் ஓசை,
மிதி எழும் மூச்சு.
மாலையில் சுவிட்சைப் போட்டதும்
பியானோ ஏறி உட்கார்ந்துகொள்ளும், விடியும்வரை இறங்காது.
காத்திருப்பு: பூஜ்யம்.

அன்றிரவு மிதித்தேன். வந்தது. வாசித்தேன்.
ஆர்மஸ் "நான்தலியில் ஒரு..." என்று வாய் திறந்தவன்
திறந்தபடியே நின்றான்.
மாமியாரை வால்ட்ஸ் விழுங்கிவிட்டது.

தளத்தில் ஒருவரும் இல்லை.

முழுப் பாட்டும் வெறும் பலகைக்கு வாசித்த பிறகுதான்
மேசைகளைப் பார்த்தேன்.
கோப்பையைக் கீழே வைக்க,
மூக்குக் கண்ணாடியைப் பைக்குள் போட,
மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவளிடம் நடந்து போக,
கேட்க,
அவள் மறுத்தால் பாருக்குப் போகிறவன்போல் திரும்பி நடக்க,
எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தப் பதினோரு விநாடிதான்
அவர்களிடம் இருந்தது.
நான் அதைப் பெட்டியின் குறை என்று நினைத்து
வெட்டி எறிந்திருக்கிறேன்.

செதில்களைத் திரும்ப ஒட்ட முடியாது; பிரதி எடுத்து வைக்கவில்லை.
நாற்பத்தொன்றை எடுத்து
வால்ட்ஸுக்கு முன்னால் செருகினேன்.
பெயரை மாற்றவில்லை.

இப்போது ஓலந்துத் தீவுகளைக் கடக்கும் நேரத்தில்
திரையில் "அழிக்காதே" என்று எரியும்.
நான் எதை அழுத்தினாலும் ஒன்றும் கேட்காது.
ஆர்மஸ் திமிரில் கதையை நீட்டிவிட்டான்,
நான்தலிக்காரனுக்கு ஒரு நாய் வேறு சேர்ந்திருக்கிறது.
பதினான்கு விநாடி ஆகிறது.
பெடலுக்கு மேலே கால் அந்தரத்தில் நிற்க
நான் கதையைக் கேட்பதில்லை.
பச்சை ஸ்வெட்டர்க்காரன் இன்றைக்காவது
மூன்றாம் மேசையைத் தாண்டுகிறானா என்று பார்க்கிறேன்.