தசமப் புள்ளி

நானூறு நோட்டீஸ்.
கடல் ஆண்டுக்கு 45 மில்லிமீட்டர் ஏறுவதாக
அச்சாகிவிட்டது.
நாலரைதான்.

ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் பெர்க்மான்ஸ்
டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
"உங்க கணக்குப்படி
என் பொண்ணு காலேஜ் முடிக்கறதுக்குள்ள
பீச் ஸ்டேஷன் முங்கிடும்."

நான் படித்தது பி.காம்.
பற்று தெரியும், வரவு தெரியும்.
திங்கட்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டத்தில்
கம்பெனி கூட்டிவரும் நிபுணர்
இந்த ஒரு தாளை விசிறினால் போதும்,
பிறகு நாங்கள் பேசுவதெல்லாம்
இரைச்சல்.

பால்பாயிண்ட் பேனாவோடு
காசிமேட்டில் வீடு வீடாக ஏறி இறங்கினேன்,
நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒரு புள்ளி வைக்க.
சிலர் அதில் நெத்திலிக் கருவாடு மடித்திருந்தார்கள்.
ஒரு பையன் ராக்கெட் செய்திருந்தான்,
இறக்கையில் வைத்துக் கொடுத்தேன்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த தேசம்மா
நிமிராமலே கேட்டாள்:
"நீ புள்ளி வச்சா
கடலு பின்னால போயிடுமா?"
போகாது என்றேன்.
"அப்ப ஏன்தான் ஏறுது?"
சூடானா தண்ணி உப்பும்.
"கடலு எப்பவும் உப்புதானே."
சிரித்தோம்.
அதுவரைக்கும் விஞ்ஞானம் என்னிடம் இருந்தது.

"போன ஐப்பசியில எம் வாசப்படி போச்சே,
அது ஹார்பருக்குக் கல்லு கொட்டுனதாலயா
நீ சொல்ற சூட்டாலயா?
எதுக்கு எவ்ளோ பங்கு?"

நோட்டீஸைத் திருப்பி
பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டேன்.
கேள்விக்குறியின் வளைவில்
மை தீர்ந்துபோனது.
கீழே வைக்க வேண்டிய புள்ளியை
நகத்தால் அழுத்தினேன்.

இன்னும் எழுபது வீடு.